காற்று சுமக்கும் சிமிழ்



சில ஆண்டுகளுக்கு முன், ஐப்பசி மாதத்து அடைமழையில், என் தமக்கையார் திடீரென நோயுற்றார். செங்கற்பட்டுக்கு அருகிலுள்ள எங்கள் சிற்றூரிலிருந்து அவரைப் பெருநகரத்து மருத்துவமனை ஒன்றிற்கு எடுத்துச் சென்றோம். இரவு பதினொரு மணி. இரத்தத்தில் பொட்டாசியம் என்னும் உப்பு எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்தால்தான் அடுத்த மருந்தை முடிவு செய்ய முடியும் என்றார் மருத்துவர். செவிலியர் இரத்தம் எடுத்தார். கண்ணாடிக் குப்பியை ஒரு பையிலிட்டு, அப்பையை ஓர் உருளைச் சிமிழில் வைத்து மூடினார். சுவரோரம் இருந்த ஒரு பெட்டியருகே சென்றார். பெட்டியின் மேல் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. "லைன் நின்றுபோயிருக்கிறது, ஐயா" என்று என்னிடம் கூறிவிட்டு, ஓர் இளைஞரை அழைத்துக் குப்பியை அவர் கையில் கொடுத்தார்.

நாங்கள் இருந்தது ஏழாம் மாடி. ஆய்வுக்கூடமோ அடுத்த கட்டடத்தின் தரைத்தளம். மின்தூக்கி வரும்வரை காத்திராமல் அவ்விளைஞர் படிகளில் இறங்கி ஓடினார். முடிவு வர முக்கால் மணி நேரமாயிற்று. அந்த முக்கால் மணியும் மருத்துவர் தமக்கையாரின் கட்டிலருகே மருந்தைக் கையில் வைத்துக்கொண்டு, அதனைச் செலுத்தாமல் நின்றார். தமக்கையார் பிழைத்து வீடு திரும்பினார். எனினும் அந்தச் சிவப்பு விளக்கு என் நெஞ்சை விட்டு அகலவில்லை.

மறுநாட்காலை, கூரைப் பலகையைக் கழற்றி வேலை செய்துகொண்டிருந்த தொழில்நுட்பரிடம், "என்ன பழுது, தம்பி?" என்று கேட்டேன். அவர் ஒரு சிமிழைக் காட்டினார். அதன் இரு முனைகளிலும் சுற்றியிருந்த கம்பளி போன்ற வளையம் தேய்ந்து நூலாய்க் கிடந்தது. "இதுதான் ஐயா. எப்பொழுதோ மாற்றியிருக்க வேண்டும். மாற்றாததால் சிமிழ் குழாயின் நடுவில் நின்றுவிட்டது" என்றார். ஒரு விரல் அகலமுள்ள வளையம்! அது தேய்ந்ததால் பெரியதொரு மருத்துவமனையின் நரம்பு ஒன்று அன்றிரவு செயலற்றுக் கிடந்தது. அந்த நரம்பு யாது, அது எவ்வாறு இயங்குகிறது, அதனைப் புதுமை குன்றாமல் காப்பது எங்ஙனம் என்பதே இன்று நான் உங்களுக்குக் கூற வந்த செய்தி.

இதன் தத்துவம் உங்களுக்குப் புதியதன்று. மாமல்லபுரம் சாலையோரத்தில் இளநீர் வாங்கி, குழல் வைத்து உறிஞ்சுகிறீர்கள். உங்கள் வாய் இளநீரை இழுப்பதாக எண்ணுகிறீர்கள். உண்மை அதுவன்று. குழலிலுள்ள காற்றை நீங்கள் குறைக்கிறீர்கள். வெளியிலுள்ள காற்று இளநீரை மேலே தள்ளுகிறது. நம்மைச் சூழ்ந்த காற்று, ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் பரப்பின்மீதும் ஏறத்தாழ ஒரு கிலோகிராம் எடையளவு அழுத்திக்கொண்டேயிருக்கிறது. எல்லாப் புறமும் ஒத்து அழுத்துவதால் நாம் அதனை உணர்வதில்லை. ஒரு புறம் சிறிது குறைத்துவிட்டால் போதும். மறுபுறத்துக் காற்று வேலைக்காரனாகி விடுகிறது.

எவ்வளவு குறைக்க வேண்டும்? ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மருத்துவமனைக் குழாயின் உள்ளகலம் 11 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதன் வாய்ப்பரப்பு ஏறத்தாழ 95 சதுர சென்டிமீட்டர். சிமிழின் ஒரு பக்கத்தில் காற்றழுத்தத்தை நூற்றில் ஒரு பங்கு மட்டும் குறைத்தால், சதுர சென்டிமீட்டருக்குப் பத்துக் கிராம் வீதம், 950 கிராம் எடையளவு விசை அதன்மீது செயற்படும். அதாவது, நூற்றில் ஒரு பங்கு வேறுபாடே, ஏறத்தாழ ஒரு கிலோகிராம் எடையுள்ள சிமிழைச் செங்குத்தான குழாயில் தாங்கி நிறுத்தவல்லது. இன்னும் சிறிது கூட்டினால் அது மேல்நோக்கிப் பறக்கும். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. சிமிழுக்கும் குழாய்ச் சுவருக்கும் இடையே காற்று ஒழுகக் கூடாது. ஒழுகினால் அழுத்த வேறுபாடு கரைந்துவிடும். அவ்வொழுக்கைத் தடுப்பதே அந்தக் கம்பளி வளையத்தின் வேலை. அது தேய்ந்ததும் சிமிழ் ஏன் நடுவழியில் நின்றது என்பது இப்பொழுது உங்களுக்கு விளங்கும்.

இவ்வெண்ணம் மருத்துவமனையில் பிறந்ததன்று. காற்றின் ஆற்றலால் கடிதங்களையும் பொருள்களையும் குழாய்வழி அனுப்பலாம் என்று ஜார்ஜ் மெட்ஹர்ஸ்ட் என்னும் ஆங்கிலப் பொறியாளர் 1810ஆம் ஆண்டிலேயே எழுதினார். 1853இல் ஜோசையா லாட்டிமர் கிளார்க் என்பவர், லண்டன் பங்குச் சந்தைக்கும் தந்தி நிலையத்துக்கும் இடையே, ஏறத்தாழ இருநூறு மீட்டர் தொலைவுக்கு, ஒன்றரை அங்குல அகலமுள்ள குழாயை அமைத்தார். தந்தி மின்னல் வேகத்தில் வந்தது. ஆனால் அதனைத் தாங்கிய தாள் தெரு நெரிசலில் சிக்கிக்கொண்டது. அச்சிக்கலைக் காற்று தீர்த்து வைத்தது. பின்னர் பெர்லினில் 1865இலும் பாரிசில் 1866இலும் குழாய் அஞ்சல் தோன்றிற்று. பிராகு நகரத்தில் 1899இல் அது பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. பாரிசின் அஞ்சல் 1984 வரை நடந்தது. பிராகின் குழாய்கள் 2002ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் புகுந்து கெடுக்கும் வரையில், நூறாண்டுக்கு மேல் உழைத்தன. நன்கு பேணப்பட்டால் இவ்வேற்பாடு ஒரு மனிதனின் ஆயுளைக் காட்டிலும் நெடிது வாழும் என்பதற்கு இவையே சான்று.

நம் கடற்கரையிலும் இதற்கு ஓர் அரிய எடுத்துக்காட்டு உண்டு. மாமல்லபுரத்துக்குத் தெற்கே கல்பாக்கத்தில் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் அமைந்துள்ளது. அங்கே 1996இல் 'காமினி' என்னும் சிற்றுலை இயங்கத் தொடங்கியது. யுரேனியம் 233 என்பது அதன் எரிபொருள். அதன் ஆற்றல் 30 கிலோவாட்டு. ஒரு பொருளில் என்னென்ன தனிமங்கள் கலந்துள்ளன என்று காண, அப்பொருளின் சிறு துண்டை உலையருகே அனுப்பி, நியூட்ரான்களில் நனைத்து, உடனே வெளியே எடுத்து, அதன் கதிர்வீச்சை அளப்பர். சில தனிமங்களின் கதிரியக்கம் சில விநாடிகளிலோ நிமிடங்களிலோ பாதியாகத் தேய்ந்துவிடும். கையால் எடுத்து வருவதற்குள் செய்தி மறைந்துவிடும். ஆதலால் காற்றழுத்தக் குழாய் ஒன்று துண்டை உலைக்கு அனுப்பி, விரைந்து மீட்டுக் கொணரும்படி அமைத்தனர். தாமதித்தால் உண்மை மாறிவிடும் பொருள்களுக்கு ஏற்ற வாகனம் காற்றே என்பதை இது காட்டுகிறது. இரத்தமும் அத்தகைய பொருள்தான்.

இனி மருத்துவமனைக்குத் திரும்புவோம். அங்கே இவ்வேற்பாடு எவ்வாறு அமைந்திருக்கிறது என்பதை அறிய, செங்கற்பட்டு ரயில் சந்திப்பை நினைத்துக்கொள்ளுங்கள். சென்னையிலிருந்து வரும் தடம் அங்கே பிரிகிறது. ஒன்று காஞ்சிபுரம் வழியாக அரக்கோணத்துக்கும், மற்றொன்று விழுப்புரத்துக்கும் செல்கின்றன. வண்டி எத்தடத்தில் செல்ல வேண்டும் என்பதை நிலையத்தார் முன்னரே தீர்மானித்துத் தண்டவாளத்தை நகர்த்தி வைக்கின்றனர். குழாய் ஏற்பாட்டிலும் அப்படியே. ஒவ்வொரு வார்டிலும் ஒரு நிலையம். கூரைக்கு மேலே ஓடும் குழாய்த் தடங்கள். தடம் பிரியுமிடத்தில் 'டைவர்ட்டர்' என்னும் பாதை மாற்றி. ஓரிடத்தில் காற்றைத் தள்ளவும் இழுக்கவும் வல்ல 'புளோவர்' என்னும் காற்றூதி. இவற்றுக்கெல்லாம் நிலைய அதிகாரி போல் ஒரு கணினி. செவிலியர் சிமிழை வைத்து, ஆய்வுக்கூடத்தின் எண்ணை அழுத்துகிறார். கணினி வழியைத் தேர்கிறது, பாதை மாற்றிகள் திரும்புகின்றன, காற்றூதி இயங்குகிறது, சிமிழ் புறப்படுகிறது. குழாயின் பக்கத்தில் பொருத்திய உணரிகள், அது கடந்து செல்வதைக் கண்டு கணினிக்கு அறிவித்துக்கொண்டே இருக்கின்றன.

சிமிழின் வேகம் பொதுவாக விநாடிக்கு ஆறு மீட்டர் அளவு இருக்கும். முந்நூறு மீட்டர்த் தொலைவை ஐம்பது விநாடியில் கடக்கும். ஒருவர் நடந்து சென்றால் நான்கு நிமிடத்துக்கு மேலாகும். மின்தூக்கிக்குக் காத்திருப்பது தனி. ஒரு நாளில் நூற்றுக்கணக்கான குப்பிகளை அனுப்பும் பெரிய மருத்துவமனையில் இந்நிமிடங்களைக் கூட்டிப் பாருங்கள். செவிலியர் நடக்க வேண்டிய நேரம் நோயாளியின் அருகில் இருக்கும் நேரமாக மாறுகிறது. இதுவே இதன் பெரும் பயன்.

ஆனால், வேகம் மட்டுமே நன்மை என்று எண்ணிவிடாதீர்கள். இரத்தத்தின் சிவப்பணுக்கள் மெல்லிய தோலுள்ள நுண்ணிய பைகள். அவற்றினுள்ளே, வெளியிலுள்ள நீர்ப்பகுதியில் இருப்பதைக் காட்டிலும் இருபது மடங்குக்கு மேல் பொட்டாசியம் அடங்கியுள்ளது. குழாயின் வளைவில் சிமிழ் மோதினாலோ, நிலையத்தில் பொத்தென விழுந்தாலோ, குப்பியின் இரத்தம் அலைந்து குலுங்கினாலோ சில அணுக்கள் உடையும். உள்ளிருந்த பொட்டாசியம் வெளியே கலந்துவிடும். நலமுள்ளவர் இரத்தத்தில் லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் வரை இருக்க வேண்டிய அவ்வுப்பு, இல்லாத உயர்வைக் காட்டும். மருத்துவர் நோயாளிக்கன்று, குழாயின் குறைக்கு மருந்து கொடுக்க நேரிடும்! சிமிழ் வாராமல் நின்றால் அனைவர்க்கும் தெரியும். சிவப்பு விளக்கு எரியும். சிமிழ் வந்துசேர்ந்து பொய் சொன்னால் எந்த விளக்கும் எரியாது. ஆதலால் இரண்டாவது பழுதே முதலாவதைக் காட்டிலும் அஞ்சத்தக்கது.

இதைக் கண்டுபிடிக்க ஓர் எளிய சோதனை உண்டு. ஒருவரிடமிருந்தே ஒரே நேரத்தில் இரு குப்பிகளில் இரத்தம் எடுப்பர். ஒன்றைக் கையால் எடுத்துச் செல்வர். மற்றொன்றைக் குழாய்வழி அனுப்புவர். இரண்டின் முடிவுகளும் ஒத்திருந்தால் குழாய் நேர்மையாக உள்ளது. வேறுபட்டால் வேகத்தைக் குறைக்க வேண்டும். அல்லது வளைவையோ இறங்குமிடத்தையோ சீர்செய்ய வேண்டும். ஏற்பாட்டை நிறுவும்போது மட்டுமன்றி, பெரிய பழுதுபார்ப்புக்குப் பின்னும், குறித்த காலங்களிலும் இச்சோதனையைச் செய்தல் நலம். குலுக்கத்தைப் பதிவு செய்யும் சிறு கருவியைச் சிமிழில் வைத்து அனுப்பி, எந்த வளைவில் அடி படுகிறது என்று அறிவோரும் உளர். இரத்தத்துக்கென வேகத்தை விநாடிக்கு மூன்று மீட்டர் அளவாகத் தணித்து அனுப்பும் வசதி புதிய ஏற்பாடுகளில் உண்டு.

எல்லாப் பொருளையும் இதில் அனுப்பிவிடவும் கூடாது. தமனியிலிருந்து எடுத்த இரத்தத்தில் ஆக்சிஜனை அளக்க வேண்டுமானால், ஊசிக்குழலில் ஒரு காற்றுக்குமிழி இருந்தாலும் குலுக்கலில் கணக்குப் பிசகும். மீண்டும் எளிதில் எடுக்க முடியாத தண்டுவட நீரையும், அறுவையில் எடுத்த தசைத் துண்டையும் கையால் எடுத்துச் செல்வதே முறை என்று பல மருத்துவமனைகள் விதித்துள்ளன. எதை அனுப்பலாம், எதை அனுப்பலாகாது என்னும் பட்டியல் ஒவ்வொரு நிலையத்தின் அருகிலும் கண்ணில் படும்படி ஒட்டப்பட்டிருக்க வேண்டும். புதிதாக வேலைக்கு வருபவரிடம் அதனைப் படித்துக் காட்ட வேண்டும். கருவியைப் பேணுதலில் அதனைக் கையாள்வோரைப் பழக்குதலும் அடங்கும்.

இனி, பேணும் முறையைச் சற்று விரிவாகக் காண்போம். நாள்தோறும் செய்ய வேண்டியவை சில. சிமிழின் மூடி இறுகப் பூட்டுகிறதா, விரிசல் உண்டா, வளையம் தடிப்பாக உள்ளதா என்று பார்த்தல். உட்புறத்து மெத்தை நுரை கிழிந்திருந்தால் ஒதுக்குதல். சிமிழ்களைக் கிருமிநாசினியால் துடைத்தல். ஒரு வார்டில் பத்துச் சிமிழ்கள் குவிந்திருக்க, மற்றொரு வார்டில் ஒன்றும் இல்லாமற் போவதும் அன்றாடத் தொல்லையே. வெற்றுச் சிமிழ்களை உரிய இடத்துக்குத் திருப்பியனுப்பும் ஒழுங்கு வேண்டும்.

மாதந்தோறும் செய்ய வேண்டியவை வேறு. காற்றூதியின் வடிகட்டியில் தூசி அடைத்தால் காற்று குறையும், மோட்டார் சூடேறும். பாதை மாற்றி ஒரு நூலிழை விலகி நின்றாலும் சிமிழின் விளிம்பு இடிக்கும். உணரியின் கண்ணில் தூசி படிந்தால் கடந்து சென்ற சிமிழைக் காணாமல், "தொலைந்தது" என்று கணினி அறிவிக்கும். நிலையங்களின் கதவு அடைப்பில் காற்று ஒழுகினால் தடம் முழுவதும் மெலியும். இவை ஒவ்வொன்றும் திடீரென நேர்வன அல்ல. மெல்ல மெல்ல வளர்வன. போக வேண்டிய நேரம் ஐம்பது விநாடியாக இருந்தது, அறுபதாயிற்று, எழுபதாயிற்று என்று பதிவேடு கூறும். பதிவேட்டைப் படிப்பவருக்கு அது ஒரு மருத்துவரின் நாடிப் பரிசோதனை போன்றது. நின்ற பிறகு ஓடுவது பழுதுபார்த்தல். நிற்குமுன் அறிவது பேணுதல்.

குப்பி உடைந்து குழாயில் இரத்தம் சிந்திவிட்டால் யாது செய்வது? உடனே அத்தடத்தை நிறுத்த வேண்டும். அடுத்த சிமிழை அனுப்பினால் அது கறையைக் கட்டடம் முழுவதும் பூசிவிடும். கிருமிநாசினியில் நனைத்த பஞ்சு சுற்றிய துப்புரவுச் சிமிழைச் செலுத்தித் தூய்மை செய்து, உலரவிட்டு, பின்னரே திறக்க வேண்டும். இத்துன்பம் நேராதிருக்கவே குப்பியைக் கசியாத பையில் இட்டு, ஈரம் உறிஞ்சும் தாளுடன் அனுப்புகின்றனர். 'அவசரம்' என்று அந்தப் பையைத் தவிர்ப்பவர், ஒரு நிமிடத்தை மிச்சப்படுத்தி ஒரு நாளைச் செலவிடுகிறார்.

நம் கடற்கரைப் பகுதிக்கு மேலும் ஒரு பகை உண்டு. மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலைப் பார்த்திருப்பீர்கள். பல்லவர் காலத்துக் கருங்கல்லையே உப்புக்காற்று அரித்துச் சிற்பங்களின் முகத்தை மழுக்கிவிட்டது. தொல்லியல் துறையினர் அலையைத் தடுக்கக் கற்களை அடுக்கினர்; காற்றைத் தணிக்கச் சவுக்கு நட்டனர்; கல்லினுள் ஏறிய உப்பை உறிஞ்சக் காகிதக் கூழைப் பூசி எடுக்கின்றனர். கல்லுக்கே இக்கதியென்றால், கடலோர மருத்துவமனையின் மோட்டாரும் மின்னிணைப்பும் எம்மட்டு? காற்றூதி உறிஞ்சும் காற்றிலேயே உப்பும் ஈரமும் உண்டு. அதனை மூடிய அறையில் வைத்து, வடிகட்டியை அடிக்கடி மாற்றி, இணைப்புகளில் பச்சை பூத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அவ்வறை கீழ்த்தளத்தில் இருத்தலும் ஆகாது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை எழுந்தபோது கல்பாக்கம் அணுமின் நிலையத்தின் கடல்நீர் இறைப்பகத்துக்குள் நீர் புகுந்தது. இயங்கிக்கொண்டிருந்த உலையைப் பாதுகாப்பாக நிறுத்தினர். நீர் எங்கே ஏறும் என்பதை முன்னரே எண்ணி அமைப்பதும் பேணுதலின் ஒரு பகுதியே.

'புதுமை' என்னும் சொல்லைப் பற்றியும் ஒரு சொல். பழைய குழாயைப் பிடுங்கிப் புதிய குழாயைப் பதிப்பதே புதுமை என்று பலர் எண்ணுகின்றனர். கூரைக்குள் ஓடும் குழாய் பல பத்தாண்டுகள் உழைக்கும். மாற வேண்டியவை கணினியும், உணரியும், சிமிழுமே. ஒவ்வொரு சிமிழிலும் ஒரு மின்னணு அடையாளச் சில்லைப் பதித்தால், எந்தச் சிமிழ் எத்தனை முறை பயணம் செய்தது, எப்பொழுது வளையம் மாற்ற வேண்டும் என்பதைக் கணினியே சொல்லும். ஆனால் கணினி புகுந்த இடத்தில் கணினியின் நோயும் புகும். 2021 ஆகஸ்டில் ஆர்மிஸ் என்னும் பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தார், உலகெங்கும் மூவாயிரத்துக்கு மேற்பட்ட மருத்துவமனைகளில் நிறுவப்பட்டிருந்த சுவிஸ்லாக் நிறுவனத்தின் டிரான்ஸ்லாஜிக் என்னும் ஏற்பாட்டின் கட்டுப்பாட்டுப் பலகையில் ஒன்பது பாதுகாப்புக் குறைகள் இருப்பதை வெளியிட்டனர். மருத்துவமனையின் வலையமைப்பில் புகுந்த தீயோர், குழாய்களைத் தம் விருப்பப்படி நிறுத்தக்கூடிய நிலை அது. உற்பத்தியாளர் திருத்தமான மென்பொருளை வெளியிட்டனர். திருத்தம் வெளிவந்தால் போதுமா? அதனை அந்தந்த மருத்துவமனையில் ஒருவர் ஏற்றி வைத்தல் வேண்டுமன்றோ! வடிகட்டியை மாற்றுவது போலவே மென்பொருளை மாற்றுவதும் இக்காலத்துத் துப்புரவுப் பணியாகிவிட்டது.

இவ்வளவு செய்தும் ஒரு நாள் குழாய் நிற்கத்தான் நிற்கும். மின்சாரம் தடைப்படும், பாதை மாற்றி சிக்கும். அன்றைக்கு யார் ஓடுவது, எந்தப் படியில் இறங்குவது, எந்தப் பெட்டியில் எடுத்துச் செல்வது என்பதை முன்னரே எழுதி வைத்து, ஆண்டுக்கு இரு முறையேனும் ஒத்திகை பார்த்தல் வேண்டும். அன்றிரவு என் தமக்கையாரைக் காத்தது அவ்விளைஞரின் கால்களே. ஆனால் அவர் வழி தெரியாமல் ஒருமுறை தவறான கட்டடத்துக்குச் சென்று திரும்பியதாகப் பின்னர் கூறினார். முக்கால் மணியில் ஒரு பங்கு அதில் கழிந்தது.

மருத்துவமனையின் உயிர் சுவருக்குள் மறைந்த குழாய்களில் ஓடுகிறது. ஒன்று இரத்தக் குப்பியைச் சுமக்கிறது. ஒன்று நீரைச் சுமக்கிறது. ஒன்று மூச்சுக்காற்றையே சுமக்கிறது. 2021 மே மாதத் தொடக்கத்தில், பெருந்தொற்றின் கொடுமை உச்சத்திலிருந்தபோது, 1965இல் தொடங்கப்பெற்ற நம் செங்கற்பட்டு அரசு மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையில் ஒரே இரவில் பத்துக்கு மேற்பட்ட நோயாளிகள் உயிர்நீத்தனர். ஆக்சிஜன் குறைந்ததே காரணம் என்று உறவினர் கதறினர். அதிகாரிகள் அதனை மறுத்தனர். அதில் தீர்ப்புக் கூறுவது என் வேலையன்று. ஆனால் அன்று முதல் செங்கற்பட்டு மக்கள் ஒன்றை அறிந்துகொண்டனர். அதுவரை எவரும் நினைத்தும் பாராத சுவர்க்குழாயைப் பற்றித் தேநீர்க்கடையிலும் பேசினர். கண்ணில் படாத பொருளை நாம் நினைப்பதில்லை. நினைக்கும் நாள் துன்ப நாளாக இருக்கிறது. இந்த வழக்கத்தை மாற்ற வேண்டும்.

மாற்றும் வழியை நம் முன்னோர் அறிந்திருந்தனர். பழைய செங்கற்பட்டு மாவட்டத்தில் இருந்த உத்திரமேரூரின் கோயிற்சுவரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919ஆம் ஆண்டிலும் 921ஆம் ஆண்டிலும் பொறித்த கல்வெட்டுகள் உள்ளன. குடவோலை முறையால் ஊர்ச்சபையின் வாரியங்களைத் தேர்ந்தெடுத்த விதியை அவை கூறுகின்றன. அவற்றுள் ஒன்று ஏரி வாரியம். அதன் வேலை புதிய ஏரி வெட்டுவது மட்டுமன்று. உள்ள ஏரியைக் காப்பது. உறுப்பினர் அறுவர், அவர்தம் காலம் 360 நாள். முன்னர் பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் தேர்தலுக்கு நிற்கலாகாது என்பது விதி. அவருடைய உறவினரும் நிற்கலாகாது. பாருங்கள், பேணுதலுக்கு மூன்று அங்கங்கள்: பொறுப்பேற்க ஆள், குறித்த காலம், காட்ட வேண்டிய கணக்கு. ஏரிக்கரையில் எலி வளை கண்ட அன்றே அடைத்தவன் ஊரைக் காத்தான். மருத்துவமனையின் குழாய்க்கும் இம்மூன்றே மருந்து. 'எல்லாரும் பார்த்துக்கொள்வார்கள்' என்று விட்டது எவராலும் பார்க்கப்படுவதில்லை.

இதனைப் பிறருக்குப் போதிக்க எனக்கு முழு உரிமை இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். நான் தலைமையாசிரியராக இருந்த பள்ளி ஒன்றில், அறிவியற் கூடத்துக்கு ஒரு வெற்றிடப் பம்பு வந்தது. அதனை வாங்கித் தந்தவர்களை அழைத்து விழா நடத்தினோம், மாலை இட்டோம், நான் அரைமணி நேரம் பேசினேன். கண்ணாடி மூடியினுள் மணியை ஒலிக்கவிட்டுக் காற்றை வெளியேற்றியபோது, மணியோசை மெல்ல மறைந்ததைக் கண்டு மாணவர் வியந்து ஆரவாரித்தனர். அடுத்த ஆண்டு அப்பம்பு வேலை செய்யவில்லை. உள்ளேயிருந்த தோல் வாசர் எண்ணெயின்றிக் காய்ந்து வெடித்திருந்தது. மாதம் ஒருமுறை நான்கு சொட்டு எண்ணெய் இடவேண்டும் என்று அதன் கையேட்டின் முதற்பக்கத்திலேயே எழுதியிருந்தது. அக்கையேடு என் மேசை இழுப்பறையில் பத்திரமாக இருந்தது! யாரை எண்ணெயிடச் சொல்வது என்று நான் எவரையும் குறித்து வைக்கவில்லை. அதன்பின் வந்த பல வகுப்பு மாணவர் அச்சோதனையைப் படத்தில் மட்டுமே பார்த்தனர். மருத்துவமனையில் அந்தத் தேய்ந்த வளையத்தைக் கையில் வாங்கிப் பார்த்தபோது, என் கண்முன் நின்றது அந்தத் தோல் வாசர்தான். ஆகவே அங்கிருந்த எவரையும் நான் குறை கூறவில்லை.

மாணவ நண்பர்களே! உங்களுள் சிலர் மருத்துவராவீர்கள், சிலர் செவிலியராவீர்கள், சிலர் பொறியியலும், தொழிற்பயிற்சியும், மருத்துவக் கருவியியலும் கற்பீர்கள். புதிய கருவியைக் கண்டுபிடிப்பவருக்குப் புகழ் உண்டு. அதனைத் திறந்து வைப்பவருக்குக் கல்வெட்டு உண்டு. அதனை நாள்தோறும் துடைத்து, எண்ணெயிட்டு, வளையம் மாற்றி, ஏட்டில் எழுதி வைப்பவருக்கு இவை ஒன்றும் இல்லை. ஆயினும் நள்ளிரவில் ஒரு மருத்துவர் காத்திராமல் மருந்து கொடுக்கிறார் என்றால், அது அந்தப் பெயர் தெரியாதவரின் கொடை. நாளை உங்கள் பள்ளியின் ஆய்வுக்கூடத்துக்குச் செல்லுங்கள். அங்கே ஏதேனும் ஒரு கருவி தூசி படிந்து கிடக்கும். அதன் கையேடு எங்கே என்று ஆசிரியரைக் கேளுங்கள். அதனைப் பேணும் பொறுப்பை உங்களுள் ஒருவர் ஓராண்டுக்கு ஏற்று, செய்ததை ஓர் ஏட்டில் எழுதி வாருங்கள். ஆண்டு முடிவில் அவ்வேட்டை அடுத்தவர் கையில் கொடுங்கள்.

அதுவே உங்கள் வாரியம்.